அறுபது டிரே மாங்காய்க்கு இறுக்கிய ஷாக்

ஜூன் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம். மேற்கே மலை முழுவதும் மூடியிருந்தது. வன்னியம்பட்டி விலக்கில் இருந்த என் பட்டறை வாசலில் மண் நனையும் அளவுக்குச் சாரல், தகர ஷீட்டை ஆட்டும் அளவுக்குக் காற்று. அந்த நிமிடத்தில் என் போன் அடித்தது. நிமிடம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். அன்றே டைரியில் எழுதிவிட்டேன். நான் எல்லாவற்றையும் எழுதுபவன்.

பாலிடெக்னிக் முடித்து, முப்பத்தெட்டு வருடம் ஷாக் அப்சார்பர் வேலை மட்டும் பார்த்தவன் நான். கடைசிப் பதினோரு வருடம் பெரும்பாலும் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகும் பிக்கப்புகள்தான். நாலு வீலும் இழுக்கிற, பாதை இல்லாத இடத்தில் ஏறுகிற வண்டிகள். என் கணக்குப்படி 2,316 ஷாக்குகளைப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எண்ணெய் எவ்வளவு, கேஸ் எவ்வளவு, எந்தத் தகடு எதன் மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை உங்கள் போன் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் சொல்ல வந்தது 2,316-இல் இரண்டைப் பற்றி.

போனில் பேசியது டிரைவர் குருசாமி. மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு முதலாளியின் பிக்கப்பை ஓட்டுபவன்.

“அண்ணாச்சி, ஓடைக்கு மேக்கால நிக்கோம். பேச்சியம்மாக்கா எந்திரிக்க முடியலங்காவ. இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சுங்காவ.”

“எப்படிலே விழுந்தாவ?”

“விழல அண்ணாச்சி. உக்காந்த எடத்துலயே வண்டி தூக்கிப் போட்டுருச்சி.”

அடுத்து அவன் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வண்டியின் பின்பக்க ஷாக் இரண்டையும் பன்னிரண்டு நாளுக்கு முன் நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

ஜூன் ஏழாம் தேதி அந்த வண்டி வந்தபோது முதலாளியும் கூடவே வந்திருந்தார். சப்பட்டை மாங்காய் பழுத்து இறங்கும் சமயம். தோப்பிலிருந்து அறுபது டிரே ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வண்டி அடி தட்டுகிறது, பழம் கன்றிப்போகிறது, மதுரை வியாபாரி பாதியைக் கழித்துவிடுகிறான் என்பது அவர் குறை. நான் மூன்று டிரேயை இறக்கி எண்ணிப் பார்த்தேன். கன்றியவை பதினொன்று, ஒன்பது, பதின்மூன்று. ஷாக்கைப் பிரித்தால் எண்ணெய் கறுத்து, சீல் போயிருந்தது. வெறுமனே புதுப்பித்திருந்தால் போதுமாக இருந்திருக்குமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். நான் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஷாக்கிலும் எண்ணெய் ஓட்டத்தை அடக்கும் தகடுகளில், அமுங்கும் பக்கம் நான்கும் மீளும் பக்கம் மூன்றும் கூடுதலாகப் போட்டு இறுக்கினேன். ஆயிரத்து இருநூறு கிலோ மணல் மூட்டை ஏற்றி, கண்மாய்க்கரைப் பள்ளங்களில் ஆறு தடவை ஓட்டிப் பார்த்தேன். வண்டி மெத்தையில் போவது போலப் போனது. மறுநாள் தோப்பிலிருந்து வந்த மூன்று டிரேயில் கன்றியவை இரண்டு, ஒன்று, இரண்டு. முதலாளி ஒரு பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்து, “பாகுந்தி, மேஸ்திரி” என்று தம் வீட்டுத் தெலுங்கில் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் மணல் மூட்டை ஏற்றுவதற்கு முன் வண்டியின் பின்புறத்தைக் காலி செய்திருந்தேன். அங்கே ஒரு நீளப் பலகை. ஒரு டிபன் பாக்ஸ் மூடி. காய்ந்த பூச்சரம். நான்காக மடித்த சாக்குகள். சாக்குகளை எண்ணினேன். ஒன்பது.

“இது என்னலே?” என்றேன்.

“தோட்டத்துச் சாமான் அண்ணாச்சி” என்றான் குருசாமி, என் முகத்தைப் பாராமல்.

“சரி, ஓரமா வையி.”

அவ்வளவுதான் பேச்சு. வேலைச் சீட்டில் ‘லோடு: மாங்காய் 60 டிரே. ஆள்: 2’ என்று எழுதினேன். என் கையெழுத்து, என் பேனா.

இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் ஒரு மாதத்தில் கற்றிருப்பீர்கள். லோடு வண்டியில் காலையில் ஆள் ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தோப்புக்குப் பஸ் கிடையாது. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் கல் பாதை. ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதனால் வண்டிக்காரன் சொல்ல மாட்டான், மெக்கானிக் கேட்க மாட்டான். கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டும்; சொல்லிவிட்டால் நாமும் தெரிந்தவர்கள் ஆகிவிடுவோம். தெரியாதவர்களாக இருப்பதுதான் மரியாதை என்று நடந்துகொண்டோம். நானும் முப்பத்தெட்டு வருடம் அந்த மரியாதையைக் காப்பாற்றினேன்.

ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு இறுக்கிய ஷாக், அதில் பாதிகூட இல்லாத எடைக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பது பெண்களும் காலி டிரேக்களும் சேர்ந்து ஐந்நூற்றைம்பது கிலோ இருக்கும். அந்த எடைக்கு அது ஷாக்கே அல்ல. அச்சுக்கும் பலகைக்கும் நடுவே நட்ட இரும்புத் தடி. பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தது பின் அச்சுக்கு நேர் மேலே.

குருசாமி போனில் கேட்டான்: “நூத்தெட்டுக்குச் சொல்லியாச்சு. தார் ரோட்டுக்கு மேல வராதுங்காவ. இப்படியே மெல்ல உருட்டிக் கொண்டு எறக்கிரட்டா அண்ணாச்சி? ஓடையில தண்ணி ஏறுது.”

ஓடையிலிருந்து தார் ரோடு நாலேகால் கிலோமீட்டர். எவ்வளவு மெல்ல வந்தாலும் ஒவ்வொரு கல்லும் நேராக அவர் முதுகில் ஏறும். அந்த ஒரு அடிக்கே கால் மரத்திருக்கிறது. இன்னும் நூறு அடி வாங்கினால் அவர் எழுந்து நடப்பாரா என்பது எனக்கு நிச்சயமில்லை. போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

மூன்று வழி தோன்றியது. முதலாவது, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிடுவது. வெறும் பட்டை ஸ்பிரிங்கில் வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் நான்கைந்து தடவை துள்ளும். முதுகெலும்புக்கு அது இன்னும் மோசம். இரண்டாவது, டயரில் பாதிக் காற்றை இறக்குவது. மிருதுவாகும். ஆனால் அந்தப் பாதைக் கல் கத்தி மாதிரி. ஓடை நடுவில் டயர் கிழிந்தால் வண்டியும் அவரும் தண்ணீரில். மூன்றாவது, வண்டி எந்த எடைக்குக் கட்டப்பட்டதோ அந்த எடையைக் கொடுத்துவிடுவது.

“ஏலே, காலி டிரே எம்புட்டு இருக்கு?”

“அறுவது.”

“ஓடைச் சரளைய அள்ளு. பெரிய கல்லு வேண்டாம், உருளும். டிரேக்கு முக்கா அளவு. இருபத்தாறு டிரே. ரெண்டு பக்கமும் ரெண்டடுக்கு வச்சுக் கயிறு போட்டுக் கட்டு. நடுவுல அவிய படுக்க எடம் வேணும், தலை கேபின் பக்கம்.”

“கல்ல ஏத்தவா? ஆள ஏத்திக்கிட்டுக் கல்லையுமா?”

“சொன்னதச் செய்யி. இன்னொண்ணு, அவியளக் கையக் காலப் புடிச்சுத் தூக்காதீய. பலகைய அடியில மெல்லச் சொருகுங்க. முதுகு வளையக்கூடாது.”

போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. சரளை ஒரு டிரே நாற்பது கிலோ என்று போட்டேன், நாற்பத்தைந்தாக இருந்தால்? அதிக எடையில் ஈரக் கல்லில் வழுக்கினால்? சைக்கிளில் போகும் வயதிலிருந்து எனக்கு இந்தக் குணம். முடிவெடுத்த பிறகுதான் கவலைப்படுவேன். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். முதல் பள்ளத்துக்கு மேல் பைக் ஏறவில்லை. மீதியை நடந்தேன். அறுபத்து நான்கு வயதில் இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்துக்கு முப்பத்தொரு நிமிடம் ஆனது.

நான் ஓடையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது எட்டுப் பெண்கள், இருவருக்கு ஒரு டிரே என்று சரளை சுமந்துகொண்டிருந்தார்கள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. இருபத்திரண்டாவது டிரே ஏறிக்கொண்டிருந்தது. அவர்களை வேலைக்குக் கூட்டி வரும் அந்தோணியம்மாள் என்னைப் பார்த்தார்.

“வாரும் மேஸ்திரி. ஒம்ம வேலைய நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்.”

டிரேக்களைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தேன்.

“நல்லாத்தான் இறுக்குனீரு. மாம்பழம் தப்பிச்சிச்சு.”

ஒரு முனையில் டிரேயைப் பிடித்தேன். “நீரு விடும், ஒம்ம முதுகும் போயிட்டா யாரு சுமக்க?” என்று பிடுங்கிக்கொண்டார்.

பேச்சியம்மாள் பலகையில் நேராகப் படுத்திருந்தார். நாற்பத்தேழு வயது. முகத்தில் சாரல் விழாமல் குருசாமி சாக்கைப் பிடித்திருந்தான். அவர் என்னை அருகில் வரச் சொன்னார்.

“அண்ணாச்சி, நான் கால் வெரல அசைக்கேன். அசையுதான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியல.”

பார்த்தேன். வலது கால் விரல்கள் ஐந்தும் அசைந்தன. இடது காலில் கட்டைவிரல் மட்டும், அதுவும் கொஞ்சம்.

“ரெண்டும் அசையுது” என்றேன்.

“நெசமாவா?”

“நெசந்தான். வலது நல்லா. இடது கொறச்சலா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அப்ப சீக்கிரம் எறக்குங்க.”

இருபத்தாறாவது டிரேயையும் கட்டி, பேச்சியம்மாளைப் பலகையோடு நடுவில் ஏற்றி முடிப்பதற்குள் ஓடைத் தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு வந்திருந்தது. குருசாமி ஓட்ட, அந்தோணியம்மாளும் நானும் பின்னால் பலகையை இருபுறமும் பிடித்துக்கொண்டோம். மற்ற ஏழு பேரும் பின்னால் நடந்தார்கள். ஓடையில் இறங்கியபோது பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். வண்டி அமுங்கியது, எழுந்தது, நின்றது. ஒரே ஒரு அசைவு. அக்கரையில் முதல் பெரிய கல். அதே மாதிரி. தார் ரோடு வரை முப்பத்தொன்பது பெரிய கற்கள். ஒன்றில்கூடப் பலகை துள்ளவில்லை. நான் கட்டிய ஷாக் சொன்ன எடைக்குச் சொன்னபடி வேலை செய்தது. என் வாழ்க்கையில் என் வேலை சரியாக இருந்ததற்காக நான் வெட்கப்பட்டது அந்த நாலேகால் கிலோமீட்டர்தான்.

ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெருக்கடி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலாளி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். என்னை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

“தோட்டத்து மோட்டார் ரூம் படியில வழுக்கி விழுந்ததாச் சொல்லியிருக்கு. செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க எதுவும் பேச வேண்டாம் மேஸ்திரி.”

அவர் போன பிறகு அந்தோணியம்மாள் வந்தார். அவர் சொன்னதும் அதேதான், காரணம் வேறு.

“படியில விழுந்தான்னு சொல்லியாச்சு. வாயத் தொறந்திராதீரும். வண்டி நின்னுச்சுன்னா இந்த சீசன் எங்களுக்கு அம்புட்டுத்தான்.”

டியூட்டி டாக்டர் இளம்பெண். “எந்தப் பக்கம் விழுந்தாங்க?” என்று கேட்டார். அந்தோணியம்மாள் கொஞ்சமும் தயங்காமல், “இடது பக்கம்மா, இடுப்பு தரையில இடிச்சிட்டு” என்றார். டாக்டர் இடுப்புக்கு எக்ஸ்ரே எழுதினார். நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார், உட்கார வைத்துக் கூட்டிப் போக. பேச்சியம்மாளும் அந்தப் பொய்யை மறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழ முயன்றார். அவருக்கும் அந்த வண்டி வேண்டும்.

நாற்காலி கட்டிலுக்கு வர எட்டு அடி இருந்தது. அந்த எட்டு அடியில் நான் யோசித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவர் கீழே விழவில்லை. அடி கீழிருந்து மேலே, உட்கார்ந்த முதுகின் வழியாக நேராகப் போயிருக்கிறது. அது இடுப்பை உடைக்காது. முதுகெலும்பின் கட்டையை நசுக்கும். அந்த விசை எந்தப் பக்கம் போனது என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் வண்டி நிற்கும், குருசாமி மேல் கேஸ் வரும், எட்டுப் பேருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் இவரை இப்போது உட்கார வைப்பார்கள்.

“டாக்டரம்மா, உக்கார வைக்காதீங்க” என்றேன். “அவங்க விழலை. லோடு வண்டியில உக்காந்திருந்தாங்க. அடி கீழேருந்து வந்தது. அந்த வண்டி ஷாக்கைக் கட்டினது நான்தான். மாங்காய் லோடுக்குக் கட்டினேன்.”

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முயலவில்லை. டாக்டர் நாற்காலியைக் கையால் நிறுத்தினார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். கட்டிலோடு தள்ளிப் போனார்கள்.

இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பின் ஒரு கட்டை முன்பக்கம் ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. நரம்பு அழுந்தியிருந்தது, அறுபடவில்லை. உட்கார்ந்து எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். “அதை ஏன் கேட்கிறீங்க” என்றார்.

பிறகு நடந்தவை எதிர்பார்த்தபடியே நடந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போனது, அது நடைமுறை. வண்டி ஸ்டேஷன் வாசலுக்குப் போனது. முதலாளி என்னோடு பேச்சை நிறுத்தினார். நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு அந்தோணியம்மாள் மற்ற ஏழு பேரோடு பட்டறைக்கு வந்தார்.

“ஒரு ஆளு முதுகக் காப்பாத்திட்டீரு. இல்லங்கல. எட்டுப் பேரு வயித்துக்கு என்ன சொல்லுதீரு?”

“செத்த நேரம் உக்காருங்க” என்றேன். “உக்காரதுக்கா வந்தோம்?” என்றார். உட்காரவில்லை. அன்று மாலைதான் ஒரு பயணிகள் வேனைப் பேசி ஏற்பாடு செய்தேன், தார் ரோடு வரைக்கும். அதற்கு மேல் ஆறு கிலோமீட்டர் அவர்கள் நடந்தார்கள். சீசன் முடிய இருபத்து நான்கு நாள் நடந்தார்கள். அந்தோணியம்மாள் அதற்காக எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லாததுதான் சரி.

வண்டி வெளியே வந்ததும் நான் கேட்டு வாங்கி அந்த ஷாக் இரண்டையும் மறுபடி பிரித்தேன். ஒவ்வொன்றிலும் கூட்டிய ஏழு தகடுகளையும் எடுத்தேன். லோடு தாங்குவதற்குப் பட்டை ஸ்பிரிங்கில் உதவிப் பட்டை போட்டேன். நாற்பத்தைந்து டிரேக்கு மேல் ஏற்றாதே என்று குருசாமியிடம் சொன்னேன். இப்போது டிரேக்கு ஐந்து பழம் கன்றுகிறது. கன்றட்டும்.

பேச்சியம்மாள் மூன்றரை மாதம் பெல்ட் போட்டுப் படுக்கையில் இருந்தார். பிறகு நடந்தார். நான் பார்க்கப் போன அன்று வாசலிலிருந்து தெருக் குழாய் வரை நடந்து காட்டினார். “நடக்கேன் அண்ணாச்சி. கூடை தூக்க முடியாது. உக்காந்தா அரை மணி நேரம், பொறவு வலிக்கும்” என்றார். இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பின் பட்டறையை ஒப்படைக்கும்வரை என் வேலைச் சீட்டில் ஒரு வரி சேர்த்தேன்: ‘பின்னால் ஆள் எத்தனை? எங்கே உட்காருகிறார்கள்?’ நாற்பத்தோரு வண்டிக்காரர்களிடம் கேட்டேன். பதினேழு பேர் உண்மையைச் சொன்னார்கள். ஒன்பது பேர் சிரித்தார்கள். பதினைந்து பேர் வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். சொன்ன பதினேழு வண்டிகளையும் ஆளுக்கு ஏற்றபடி கட்டினேன். அப்படிக் கட்டியதால், ஏற்றக் கூடாத ஆளை ஏற்றுவதற்கு நானே வசதி செய்து கொடுத்தேனோ என்ற கவலை எனக்கு உண்டு. அது சரியா தவறா என்று என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. கேட்காமல் கட்டுவது தவறு என்று மட்டும் சொல்ல முடியும். சாக்குகளைப் பார்த்தால் எண்ணுங்கள். எண்ணினால் சீட்டில் எழுதுங்கள்.

கேட்காமல் கட்டியதற்கு ஆன செலவுக் கணக்கில், வேறு பட்டறைக்குப் போன பதினைந்து வண்டிகளின் கூலியை நான் சேர்க்கவில்லை. கையைவிட்டுப் போனதை மட்டும் எழுதியிருக்கிறேன். இருபத்து நான்கு நாள் வேன் வாடகை 27,600. பேச்சியம்மாளுக்கு முதுகு பெல்ட்டும் மருந்தும், முதலாளி பாதியில் நிறுத்திய பிறகு, 8,740. மறுபடி ஷாக் கட்டிய சாமானும் உதவிப் பட்டையும் 11,380. குருசாமியின் அபராதத்தில் பாதி 5,000. சாட்சி சொல்ல ஆறு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்த பஸ் கட்டணம் 120. மொத்தம் ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.